இரண்டு சுவர் தாண்ட ஒரு ரவுட்டர்

ஜனவரி 9

அன்புக் குருவிக்கு,

நான் நலம். அப்பா முழங்கால் நீங்கலாக நலம்.

இதைக் கைபேசியில் கேட்டிருந்தால் நீ "சரிக்கா" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பாய். உறையை ஒட்டி, தபால்தலை ஒட்டி, தபால் பெட்டி வரை நடந்து போய் "சரிக்கா" என்று மட்டும் அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும். அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒரு நாள் மின்சாரம் விட்டுவிட்டு வந்ததில் வீட்டு ரவுட்டர் போய்விட்டது. கேபிள்காரர் வந்து பார்த்தார். "லைன் நல்லாத்தான் இருக்கும்மா. பெட்டிதான் அவுட்டு. புதுசு நீங்களே வாங்கிக்குங்க" என்றார். அதிலிருந்து மூன்று ஞாயிறாக நாம் பேசுவது என் கைபேசியின் டேட்டாவில். அதைப் பேச்சு என்று சொல்ல எனக்கு மனமில்லை. உன் முகம் வருகிறது, கை வருவதில்லை. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கட்டி அசைகிறது. காது கேட்கிறவர்களுக்குப் படம் கலங்கினாலும் குரல் மிஞ்சும். எனக்குப் படம் கலங்கினால் ஊமையாவது நீதான்.

நேற்று கடைக்குப் போனேன். அப்பாவையும் கூட்டிப் போனேன். முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர், கம்பி இல்லாத எதையும் நம்ப மாட்டார் என்பது உனக்குத் தெரியும். கடைக்காரருக்கு உதடு தெரியாத அளவுக்கு மீசை, போதாததற்கு வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். என்னால் ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை. நோட்டில் எழுதிக் காட்டினேன்: "விலை குறைவாக வேண்டும். இரண்டு சுவர் தாண்ட வேண்டும். வீடியோவில் கை தெளிவாகத் தெரிய வேண்டும்." அவர் சொன்னதை அப்பா பக்கத்தில் நின்று உதட்டால் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"கையா? முகம் தெரிஞ்சா போதாதான்னு கேக்குறாரு."

"கைதான் வேண்டும்" என்று அடிக்கோடிட்டுக் காட்டினேன். நாலு ஆன்டெனா வைத்த பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கே ரெண்டு கொம்புதான். இதுக்கெதுக்கு நாலு?" என்று கேட்டாராம். கடைக்காரர் மெல்வதை நிறுத்திவிட்டார். வாங்காமல் வந்துவிட்டோம்.

நாளெல்லாம் ஊரார் ரவுட்டருக்கு வைத்தியம் சொல்வதுதானே உன் வேலை. உன் அக்காவுக்கும் ஒன்று சொல். மலிவாக, ஆனால் உன் சுண்டுவிரல் வரை தெரிகிற மாதிரி.

அன்புடன்,
அக்கா

---

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

சரிக்கா.

பார்த்தாயா, எனக்குக் கூச்சமே இல்லை. இத்தோடு உறையை ஒட்டியிருப்பேன், நீ அடுத்த ஞாயிறு திரையில் முறைப்பாயே என்று பயந்து எழுதுகிறேன்.

அப்பா சொன்னது சரி. கொம்பு எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதே. இரண்டே போதும். பெட்டியின் மேல் இரண்டு அலைவரிசை என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார். ஒன்று மெதுவாகப் போகும், ஆனால் சுவரைத் தாண்டும். இன்னொன்று வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். நம் வீட்டுக்கு இரண்டும் வேண்டும். உயரமாக, வீட்டின் நடுவில் வை. இரும்பு அலமாரி மேல் மட்டும் வைக்காதே. உங்கள் இரண்டு பேருக்கு விலை உயர்ந்ததெல்லாம் தேவையில்லை. தினமும் இருநூறு பேருக்கு இதையே சொல்கிறேன், கேட்பவர்களில் பாதிப் பேர் என்னைத் திட்டுகிறார்கள். நீயாவது திட்டாமல் கேட்பாய்.

எங்கள் கால் சென்டர் கூடத்தில் ஜன்னல் கிடையாது. நூற்றுப்பத்துப் பேர், நூற்றுப்பத்து ஹெட்செட். "அணைத்துவிட்டு முப்பது விநாடி கழித்துப் போடுங்கள்" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருப்போம். அறைக்கு வந்தால் என் வாயைக் கழற்றி, நீ செய்கிற பல் செட் மாதிரி ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுவிடலாம் போல இருக்கும். கூட இருக்கும் இரண்டு பெண்களும் நல்லவர்கள்தான். மூன்று பேரும் பேசிக்கொள்வதே இல்லை, அவ்வளவு களைப்பு. யாரும் யாரிடமும் எதுவும் கேட்காத அறை எவ்வளவு சுகம் என்று உனக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை.

பெட்டி வந்ததும் சொல். ஞாயிறு நாலு மணி.

உன்,
குருவி

---

பிப்ரவரி 16

அன்புக் குருவிக்கு,

வாங்கிவிட்டேன். இரண்டு கொம்பு, இரண்டு அலைவரிசை, வெள்ளை நிறம், கடையிலேயே அடிமட்ட விலை. கூடத்துச் சுவரில் அப்பா பலகை அடித்து, மட்டக்கோல் வைத்துப் பார்த்து, அதன் மேல் உட்கார்த்தினார். "லிஃப்ட் மாதிரி இதுவும் கோணலா நின்னா வேலை செய்யாது" என்றார். வாதாடவில்லை. நான் உதடு படிக்க வேண்டும் என்பதற்காக அம்மா இறந்த மாதமே மீசையை எடுத்தவர் அவர். அவர் சொல்கிற தப்பையெல்லாம் நான் தெளிவாகப் படிக்கிறேன்.

பல் கூடத்தில் வேலை ஓடுகிறது. இந்த வாரம் ஒரு பெரியவருக்கு மேல்பல் செட். முன்பல் இரண்டுக்கும் நடுவே பழையபடி சந்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார், இல்லாவிட்டால் வீட்டம்மாவுக்கு அடையாளம் தெரியாதாம். கூடத்தை நடத்துகிற பல்காரம்மா சிரித்தார். நான் மெழுகில் அந்தச் சந்தை மூன்று தடவை செய்து பார்த்தேன். இல்லாத ஒன்றைச் சரியான அளவில் செய்வதுதான் கஷ்டம்.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஏழு நிமிடம், குருவி. ஏழு நிமிடம் உன் விரல் நுனி வரை தெரிந்தது. நீ மேலாளரைச் செய்து காட்டினாயே, மூக்கைக் கிள்ளி, தொப்பையைத் தட்டி. அவருக்கு நீ கண்டுபிடித்த சைகை அது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு நீ கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டாய். ஒரு நிமிடம் காத்திருந்தேன். அழைப்பு அறுந்தது.

உனக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். என்னை எந்தப் பள்ளியிலும் சைகை படிக்க விடவில்லை. பேச்சு வந்துவிடும் என்று அப்பா நம்பினார். அதனால் அம்மாவும் நீயும் நானும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நமக்கென்று ஒன்றைச் செய்துகொண்டோம். அப்பாவுக்கு மேலும் கீழும் போகிற கட்டைவிரல். உனக்குக் கொத்துகிற இரண்டு விரல். மூன்று பேர் பேசிய மொழி. அம்மா போனபின் இரண்டு பேர். உதட்டைப் படிக்கிறேன், புத்தகம் படிக்கிறேன், நோட்டில் எழுதிக் காட்டுகிறேன். எல்லாம் படிப்பு, எழுத்து. பேச்சு என்பது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான்.

ஏழு நிமிடம் போதாது. என்ன செய்யலாம் என்று சொல்.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கும் வருத்தம்தான். மேலாளரின் நடையை இன்னும் காட்டவே இல்லை.

உன் பக்கத்து வீடுகளிலும் வைஃபை இருக்கும். எல்லாம் ஒரே தடத்தில் ஓடினால் நெரிசலாகும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய்த் தடத்தை மாற்று, எப்படி என்று தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். பேசும்போது அப்பா அதே இணைப்பில் டிவியில் செய்தி பார்க்கக் கூடாது. மலிவு விலைப் பெட்டிகள் சூடானால் திணறும், பேசுவதற்கு அரை மணி முன்னால் அணைத்துவை.

போன ஞாயிறும் நாலாவது நிமிடமே நீ உறைந்துவிட்டாய், அதாவது எனக்கு நீ, உனக்கு நான். அடுத்த இரண்டு ஞாயிறும் எனக்கு வேலை இருக்கிறது. ஷிஃப்ட் மாற்றம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. நீ புத்தகம் எடுக்கிற நூலகத்துக்கு எதிரே காது கேளாதோர் சங்கம் இருக்கிறதே, சனிக்கிழமைகளில் கூடுகிறார்களே, ஒரு தடவை போய்ப் பாரேன். ஊர் முழுக்கப் பேசுகிற சைகை அவர்களுடையது. நீ படிக்கிற படிப்புக்கு மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்வாய். நான் ஒருத்தியே உனக்கு எல்லாமாக எத்தனை நாள் இருக்க முடியும்? தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் நல்லதுக்குத்தான்.

உன்,
குருவி

---

ஏப்ரல் 2

அன்புக் குருவிக்கு,

நீ சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். தடம் மாற்றினேன். பெட்டியை ஆற வைத்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை செய்தியைத் தியாகம் செய்தார். "நாட்டுல என்ன நடந்தாலும் நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அப்படியும் நீ ஐந்தாவது நிமிடத்தில் நின்றுவிட்டாய்.

அதன் பிறகு அப்பா துளைக்கருவியை எடுத்தார். கூடத்திலிருந்து என் அறை வரை இரண்டு சுவரையும் துளைத்து, கம்பி இழுத்து, ரவுட்டரை என் மேஜைக்கே கொண்டுவந்துவிட்டார். வீடெல்லாம் செங்கல் தூள், அவர் தலைமுடியெல்லாம் சிவப்பு. "கம்பிதான்மா கடைசி வரைக்கும் வரும். அலையெல்லாம் வந்துட்டுப் போயிடும்" என்றார். இப்போது ரவுட்டருக்கும் என் கைபேசிக்கும் நடுவே ஒரு டம்ளர் வைக்கிற இடம்தான் இருக்கிறது.

அப்படியும் நின்றாய்.

கேபிள்காரரை வரவழைத்தேன். அவர் கைக்கருவியை மாட்டிப் பார்த்து, எண்ணைக் காட்டி, இந்தத் தெருவிலேயே உங்கள் வீட்டில்தான் நன்றாக வருகிறது என்றார். போகும்போது அப்பாவிடம் என்னவோ சொன்னார். தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னதால் எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

சங்கத்துக்குப் போனேன். நல்ல மனிதர்கள். முப்பது கை ஒரே நேரத்தில் பறந்தது. நான் அம்மா என்பதற்குக் கன்னத்தில் உள்ளங்கை வைத்தேன். பல் வலியா என்று ஒருவர் தாளில் எழுதிக் கேட்டார். என் தொழிலைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குருவி, அங்கே நான் இரண்டு வயதுக் குழந்தை. மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்வேனாக இருக்கலாம். ஆனால் அந்த மொழியில் என் அம்மா ஒரு நாளும் இருந்ததில்லை. அவளை நான் அங்கே எடுத்துப் போய்ப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டும்.

பெட்டியில் குறை இருக்கிறதா என்று மட்டும் நேராகச் சொல். உன் தொழில் அது. மாற்ற வேண்டுமென்றால் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா

---

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஆமாம், பெட்டிதான் குறை. அந்த வகையைப் பற்றி எங்களுக்கே நிறையப் புகார் வருகிறது. வேறு ஒன்று வாங்கிவிடு, பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன். அதுவும் விலை குறைவுதான்.

புதியது வரும்வரை வீடியோ வேண்டாம், உனக்கும் கண் வலி, எனக்கும் சங்கடம். கைபேசியில் எழுதிக்கொள்ளலாம். ஷிஃப்ட் வேறு மாறிக்கொண்டே இருக்கிறது.

அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

குருவி

---

மே 14

அன்புக் குருவிக்கு,

நீ எழுதிய பெட்டியையே வாங்கினேன். உறையைப் பிரிக்காமல் மேஜை மேல் வைத்திருக்கிறேன். பிரிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும்.

மார்ச் முதல் ஞாயிறு. நாலாவது நிமிடம். நான் உன் ஷிஃப்ட் எப்போது முடியும் என்று கேட்டேன். நீ வலது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கினாய், நின்றாய். முகம் நின்றது. தலைமுடி நின்றது. உன் பின்னால் கொடியில் உன் அறைத்தோழியின் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பதினோரு சொட்டு எண்ணினேன். பன்னிரண்டாவது விழுவதற்குள் நீ அழைப்பை அறுத்துவிட்டாய்.

சின்ன வயதில் சிலை விளையாட்டில் நீ ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. மூக்கு அரிக்கும், சிரிப்பு வரும், கண் சிமிட்டிவிடுவாய். இப்போது எவ்வளவு நன்றாக நிற்கிறாய். அதற்கு எத்தனை பாடுபட்டிருப்பாய் என்று நினைத்தபோது முதலில் வந்தது கோபமில்லை.

அதற்குப் பிறகும் ஏன் தடம் மாற்றினாய், பெட்டியை ஆற வைத்தாய், கிழவரைச் சுவர் துளைக்க விட்டாய் என்று நீ கேட்கலாம். ரவுட்டர் மேல் பழி இருக்கும்வரை அது உன் மேல் வராது. மலிவுப் பெட்டி என்று சொல்லிச் சொல்லி நானும் நம்பிப் பார்த்தேன். பல்காரம்மாவின் மகள் தன் ஊரிலிருந்து பல் கூடத்துக்கு வீடியோவில் பேசுவாள். அவளை ஒரு நாள் என் வீட்டு இணைப்பில் பேசச் சொன்னேன். முக்கால் மணி நேரம், படம் ஒரு தடவையும் நிற்கவில்லை. அவள் காதுத் தோட்டில் எத்தனை கல் என்றுகூடச் சொல்வேன். அப்போதும் மனம் விடவில்லை, உன் ஊர் இன்னும் தூரம் அல்லவா என்றது.

கேபிள்காரர் அப்பாவிடம் சொன்னது என்ன என்று இப்போது தெரிந்துகொண்டேன். "அந்தப் பக்கம் பேசுறவங்களைக் கேட்டுப் பாருங்க சார்" என்று சொன்னாராம். அப்பா ஒரு மாதமாக அதை வாய்க்குள் வைத்திருந்தார். அவர் உதட்டையே பார்க்கிற எனக்குத் தெரியாமல் வைத்திருந்தார்.

நீ யாரையாவது விரும்புகிறாயா, மறைக்க வேண்டுமா? உடம்பு சரியில்லையா? என் கை பார்க்க அசிங்கமாக இருக்கிறதா, தோழிகள் சிரிக்கிறார்களா? எதுவானாலும் எழுது. உன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதை மட்டும் எனக்குச் சொல்லாதே.

அக்கா

---

ஜூன் 12

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

யாரும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. என்னால்தான் பார்க்க முடியவில்லை.

எனக்கு ஐந்து வயதிலிருந்து நான் உன் காது. மளிகைக்கடையில், பேருந்தில், உன் வேலைக்கான நேர்காணலில். அதெல்லாம் எனக்குப் பாரமாக இருந்ததில்லை. "உங்க அக்கா என்ன சொல்றாங்க" என்று பெரியவர்கள் என்னிடம் குனிந்து கேட்டால் எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும்.

ஆனால் அம்மா கிடந்த மருத்துவமனை. அப்பா மருந்து வாங்க வரிசையில் நின்றார். வராந்தாவில் நீயும் நானும். பள்ளிச் சீருடையில் இருந்தேன், விரலெல்லாம் மை. டாக்டர் வந்து என்னிடம் சொன்னார். "இன்னும் ஒரு வாரம், மிஞ்சிப் போனா பத்து நாள். அக்காகிட்ட நீயே பக்குவமா சொல்லிடும்மா." சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ என் கையைப் பார்த்தாய்.

நம்மிடம் அதற்குச் சைகை இல்லை அக்கா. நமக்குத் தேவைப்பட்டதே இல்லை. பக்கத்து வீட்டு நாய் செத்தபோதுகூடத் தூங்குகிறது என்றுதான் அம்மா காட்டினாள். எனக்குப் பதினைந்து வயது. அங்கேயே நின்று அதை நான் செய்ய வேண்டியிருந்தது. கன்னத்தில் வைத்த உள்ளங்கையை மெல்ல மூடி, கீழே இறக்கினேன். உனக்குப் புரிந்தது. ஆனால் புதுச் சைகை எது வந்தாலும் சரிதானா என்று நீ திருப்பிச் செய்து காட்டுவாயே, அதையும் காட்டினாய். உன் கையை மூடி, கீழே இறக்கி, என்னைப் பார்த்தாய். சரிதான் என்று நான் தலையாட்டினேன்.

ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு நீ கையைத் தூக்கியதும் எனக்கு அந்த வராந்தா வந்துவிடுகிறது. முதல் சில நிமிடம் மேலாளர், தொப்பை என்று ஏதாவது செய்து தப்பித்துக்கொள்வேன். பிறகு நீ என்னைப் பற்றிக் கேட்பாய். என் கை மேலே போகும். அதற்கு மேல் போகாது. ஒரு தடவை நிஜமாகவே இணைப்பு நின்றது, பிப்ரவரியில், அந்த முதல் அழைப்பு. அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நானே நின்றேன்.

இங்கே எனக்குக் கையே இல்லை. வாய் மட்டும்தான். அது சுகமாக இருக்கிறது. இதை உனக்கு எழுதுகிற பாவி நான்தான்.

உன் மொழியில் பேச உனக்கு உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். புதுப் பெட்டியைப் பிரிக்காதே. கடையில் திருப்பிக் கொடுத்துவிடு.

குருவி

---

ஜூலை 4

அன்புக் குருவிக்கு,

உன் கடிதத்தைப் பல் கூடத்தில் வைத்துப் படித்தேன். வீட்டில் படித்தால் அப்பா என் முகத்தைப் படித்துவிடுவார்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் ஒன்பது வருடமாக இருந்தேன்.

அந்த டாக்டருக்கு மீசை இல்லை. வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. நிதானமாகப் பேசினார். ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். நீ கையைத் தூக்குவதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் படித்தேன்.

தெரிந்துகொண்டுதான் உன்னைப் பார்த்தேன். உதட்டை நான் நூறு தடவை தவறாகப் படித்திருக்கிறேன், உன் கை ஒரு தடவையும் தவறியதில்லை. அவர் வேறு யாரையோ, வேறு எதையோ சொல்லியிருக்க வேண்டும், நீ கையைத் தூக்கினால் அது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். உன் விரலில் மை இருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும் என்று உன் கையைப் பிடித்திருக்கலாம். அதற்கு ஒரு விநாடி போதும். நான் பிடிக்கவில்லை. காத்திருந்தேன். நீ செய்தபின் அதைத் திருப்பியும் செய்தேன். சரிதானா என்று கேட்கவில்லை, குருவி. இல்லை என்று நீ சொல்வாயா என்று பார்த்தேன்.

உனக்குப் பதினைந்து, எனக்கு இருபது. நம் இருவரில் யார் காது கேட்கிறவள் என்று அன்று நான் பார்த்தேன். யார் சின்னவள் என்று பார்க்கவில்லை.

இதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதுவும் ஒரு மொழிபெயர்ப்பு வேலையாக உன் தலையில் விழும். அந்தச் சைகையை நீ செய்திருக்கவே தேவையில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன். தெரிந்தால் பாரம் குறையுமா, என் மேல் வெறுப்புத்தான் கூடுமா, எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ புத்தகம் படிக்கிறேன், இதற்கு எதிலும் பதில் கிடைக்கவில்லை.

புதுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் என்ன குறை என்று எழுதச் சொன்னார். குறை ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அப்படியானால் எதற்குத் திருப்பித் தருகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும், எதையோ மென்றுகொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழைய வெள்ளைப் பெட்டி என் மேஜை மேலேயே இருக்கிறது. அந்த இணைப்பில் அப்பா டிவியில் செய்தி பார்க்கிறார். "குருவி பக்கம் சரியாயிடுச்சா?" என்று நேற்றுக் கேட்டார். சரியாகிவிட்டது என்று தலையாட்டினேன். சுவரில் துளை போட்ட இடத்தைச் சிமெண்டால் பூசுவதாகச் சொல்லிக்கொண்டு போனார்.

சில நாட்களாகக் கண்ணாடி முன் நின்று கையை அசைத்துப் பார்க்கிறேன். வேகம் குறைந்திருக்கிறது. ஒரு சைகை, மழைக்கு முன் வரும் காற்றுக்கு அம்மா வைத்தது, இடது கையா வலது கையா என்று நினைவு வரவில்லை. உன்னிடம் கேட்கலாமென்று எழுத ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். பதில் எழுதிவிடாதே. இரண்டில் ஒரு கை, அவ்வளவுதானே.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இனி நீ எங்கும் உட்கார வேண்டாம். தூங்கு. துணி துவை. தோழிகளோடு வெளியே போய் வா, பேசாமலே போய் வா. நானும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கப் போவதில்லை. எங்கே போவேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

அக்கா